மூளை சார்ந்ததா, அறிவார்ந்ததா? ‘செரிப்ரல்’ என்ற பெயரடையைத் தமிழ் வாக்கியத்தில் வைக்கும் முறை

‘செரிப்ரல்’ என்ற ஆங்கிலச் சொல் மருத்துவ அறிக்கையில் வரும், பட விமர்சனத்தில் வரும், ஓர் எழுத்தாளரைப் பற்றிய அறிமுகக் குறிப்பிலும் வரும். அகராதியைப் புரட்டினால் ‘மூளை சார்ந்த’ என்று முதல் வரியிலேயே பொருள் கிடைத்துவிடும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ‘அவர் மிகவும் மூளை சார்ந்த எழுத்தாளர்’ என்று எழுதிவிடுகிறோம். படிப்பவருக்கு அவர் நரம்பியல் பற்றி எழுதுபவரோ என்ற குழப்பம் வரும். ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், ஒற்றுப்பிழைகூட இல்லை. வாக்கியம் மட்டும் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை.

அகராதி மேல் குற்றமில்லை. ஆங்கிலம் உறுப்பையும் அது செய்யும் வேலையையும் ஒரே பெயரடைக்குள் போட்டு வைத்திருக்கிறது. முதலில் உறுப்புப் பொருள்தான் இருந்தது. அறிவுப் பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் எழுதும்போது இரண்டும் வேறு வேறு வீடு. மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அறிவு, புத்தி, மதி, சிந்தனை எல்லாம் அதன் செயல். ஆகவே பெயரடையைத் தேடக் கிளம்பும் முன் அது எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கப்போகிறது என்று பாருங்கள். கட்டி, வீக்கம், இரத்தக்குழாய் என்றால் உறுப்பு. உரை, கதை, விவாதம், விளையாட்டு, ஆள் என்றால் அறிவு. பத்தில் ஒன்பது இடங்களில் இந்த ஒரு பார்வையே போதும்.

மீதி ஓரிடத்தில் சந்தேகம் வந்தால் முன்னால் ‘மிக’ போட்டுப் பாருங்கள். ‘மிக அறிவார்ந்த உரை’ நிற்கிறது. ‘மிக மூளைக் கட்டி’ விழுந்துவிடுகிறது. ஒரு பொருள் எதைச் சேர்ந்தது என்று சொல்லும் அடைக்குக் கூடுதல் குறைவு கிடையாது. தன்மையைச் சொல்லும் அடைக்கு உண்டு. ஆங்கிலத்திலும் இந்தச் சோதனை வேலை செய்யும். ‘வெரி செரிப்ரல்’ என்று எங்கே கண்டாலும் அது அறிவுப் பொருள்தான், மருத்துவம் இல்லை.

உறுப்பைச் சொல்லும்போது

லத்தீனில் செரிப்ரம் என்றால் மூளை. உடற்கூற்றியல் அந்தச் சொல்லை மூளையின் மேல்பகுதிக்கு, அதாவது பெருமூளைக்கு, ஒதுக்கிக்கொண்டது. பின்கீழ்ப் பகுதிக்கு செரிபெல்லம் என்று பெயர். ‘குட்டி மூளை’ என்று பொருள்படும் அதே சொல்லின் சிறுமை வடிவம். சிறுமூளை என்ற நம் சொல் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும், அதில் ஐந்தில் நான்கு பங்கு பெருமூளை. ஆனால் ‘பெரு’ என்ற அடை அளவை மட்டுமே சொல்கிறது. மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அந்தச் சிறுமூளைக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

‘பெருமூளை’யும் ‘பெரிய மூளை’யும் ஒன்றல்ல என்பதைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். பெருமூளை ஒரு பகுதியின் பெயர், எலிக்கும் உண்டு. பெரிய மூளை என்றால் அளவில் பெரிதான மூளை, யானைக்கு உண்டு. ‘பெரு’ பெயரோடு ஒட்டிப் புதுப் பெயராகிவிட்டது. ‘பெரிய’ விலகி நின்று தன்மையைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: ‘யானைக்குப் பெரிய மூளை இருந்தாலும் அதன் பெருமூளையில் இருக்கும் நரம்பணுக்கள் மனிதனுடையதைவிடக் குறைவு.’

அடுத்த கண்ணி செரிப்ரல், செரிபெல்லர் என்ற இரட்டைச் சொற்கள். காதுக்கு ஒன்றுபோல இருக்கும், அவசரத்தில் கண்ணுக்கும் அப்படித்தான். முன்னது பெருமூளை, பின்னது சிறுமூளை. மாற்றி எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும். பெருமூளையின் ஒரு பக்கத்தில் பக்கவாதம் வந்தால் உடலின் எதிர்ப்பக்கக் கைகாலில் பலவீனம் வரலாம், பேச்சு குழறலாம். சிறுமூளையில் வந்தால் தலைசுற்றல், தள்ளாட்டம், கை குறி தவறுதல் ஆகியவை முன்னால் நிற்கும்.

நோய்ப் பெயர்களில் இன்னொரு சங்கடம். உடற்கூற்றியலில் செரிப்ரல் என்றால் கறாராகப் பெருமூளைதான். பல நோய்ப் பெயர்களில் முழு மூளையையும் சொல்லிவிட்டுப் போகும். அதனால் இடம் பார்த்து மாற்ற வேண்டும். சிறுமூளையிலிருந்து பிரித்துக் காட்டும் தேவை இருந்தால் பெருமூளை: பெருமூளைப் புறணி (அதன் மேலடுக்கு), பெருமூளை அரைக்கோளம். தேவை இல்லாவிட்டால் வெறும் மூளை போதும். செரிப்ரல் எடிமா மூளை வீக்கம், செரிப்ரல் ஹெமரேஜ் மூளை இரத்தக்கசிவு. செரிப்ரல் மலேரியாவை மூளை மலேரியா என்கிறோம். விளக்க இடமிருந்தால் ‘மூளையைத் தாக்கும் மலேரியா’ என்று எழுதுங்கள், படிப்பவருக்கு உடனே விளங்கும்.

இந்த எடுத்துக்காட்டுகளில் ‘சார்ந்த’ என்ற சொல் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? தமிழில் உறுப்பைச் சொல்லப் பெரும்பாலும் தனிப் பெயரடை வேண்டியதில்லை. ஒரு பெயரின் தோளில் இன்னொரு பெயர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அல்லது வேற்றுமை உருபு வேலையை முடித்துவிடும். மூளைக்குச் செல்லும் இரத்தம், மூளையில் ஏற்பட்ட காயம், மூளையின் இடப்பக்கம். ‘மூளை சார்ந்த இரத்த ஓட்டம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு தொகுதியை மொத்தமாகக் குறிக்கும்போது மட்டும் ‘சார்ந்த’ நியாயமாக வரும்: மூளை சார்ந்த நோய்கள், மூளை சார்ந்த ஆய்வுகள்.

இங்கே ஒற்றைப் பற்றி ஒரு சொல். மூளைச்சாவு என்பதில் ச் மிகுகிறது. மூளை சார்ந்த என்பதில் மிகவில்லை. இரண்டிலும் அடுத்த எழுத்து ‘சா’தான், பிறகு ஏன்? முன்னது மூளையின் சாவு, இரண்டு பெயர்கள் சேர்ந்த தொகை. மூளைக்காய்ச்சல், மூளைக் கட்டி, மூளைத் திசு, பெருமூளைப் புறணி எல்லாம் இந்த வரிசை. பின்னதை விரித்தால் ‘மூளையைச் சார்ந்த’ என்று வரும். ஐ என்ற உருபு மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் பொதுவாக வல்லினம் மிகாது. உருபை வெளியே கொண்டுவந்து ‘மூளையைச் சார்ந்த’ என்று எழுதினால் மிகும். ‘மூளைச் சார்ந்த’ என்ற எழுத்துக்கோவை அடிக்கடி கண்ணில் படுகிறது. அது இந்த இரண்டுக்கும் நடுவில் தடுக்கி விழுந்தது.

கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய ஒரு பெயர் செரிப்ரல் பால்சி. தமிழில் பெருமூளை வாதம் என்றும் மூளை முடக்குவாதம் என்றும் சொல்கிறார்கள், இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் அசைவும் உடல் நிலைப்பாடும் கெடுவதற்கு இந்தப் பெயர். அறிவைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அறிவுசார் குறைபாடு கூடவே இருப்பவர்களும் உண்டு, இல்லாதவர்களும் ஏராளம். செரிப்ரல் என்ற சொல்லுக்கு அறிவுப் பொருளும் உண்டே என்று நினைத்துக்கொண்டு இதை ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதுவது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையோடு நிற்பதில்லை. நன்றாகப் படிக்கும் ஒரு குழந்தையைப் படிக்க முடியாத குழந்தை என்று ஊருக்குச் சொல்வது அது.

அறிவைச் சொல்லும்போது

இங்கேதான் தமிழ் கைநிறையச் சொற்களைத் தருகிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது என்பதுதான் சிக்கல்.

அறிவார்ந்த என்பதிலிருந்து தொடங்கலாம். அறிவு + ஆர்ந்த. ஆர்தல் என்றால் நிறைதல்; வயிறார உண்டான், மனமார வாழ்த்தினாள் என்பவற்றில் இருக்கும் அதே வேர். ஆக, அறிவார்ந்த என்றால் அறிவு நிறைந்த. (‘அறிவு’ என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம் என்று நினைப்பவர்கள் உண்டு. வகரம் வல்லினம் இல்லையாகையால் அது முற்றியலுகரம். முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும், இங்கே கெட்டிருக்கிறது.) இந்தச் சொல் செயலுக்கும் படைப்புக்கும் நன்றாகப் பொருந்தும்: அறிவார்ந்த உரை, அறிவார்ந்த விவாதம், அறிவார்ந்த நூல். ஆளுக்குச் சொன்னால் கொஞ்சம் மேடை வாசனை அடிக்கும். ‘அறிவார்ந்த பெருமக்களே’ என்று விளித்துப் பேச்சாளர்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள். விலங்குக்குப் பொருந்தாது. அறிவார்ந்த நாய் என்று யாரும் சொல்வதில்லை. அறிவுள்ள நாய், புத்திசாலி நாய் என்பார்கள்.

அறிவுசார் என்பது இதற்கு அண்ணன் தம்பிபோல இருக்கும், குணம் வேறு. அறிவைச் சார்ந்த, அறிவு தொடர்பான என்று பொருள். அது பாராட்டுச் சொல் கிடையாது. அறிவுசார் சொத்து என்பது ஒருவரின் அறிவிலிருந்து பிறந்து சட்டம் உரிமையாக ஏற்கும் சொத்து: காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக்குறி. அதை ‘அறிவார்ந்த சொத்து’ என்று எழுதினால் வீடு நிலமெல்லாம் யோசிக்கத் தொடங்கிவிட்டதுபோல ஆகும். எதிர்ப்பக்கம், ‘அறிவுசார் பேச்சாளர்’ என்றால் அவர் நன்றாகப் பேசுவார் என்ற பொருள் வருவதில்லை. முன்னே சொன்ன ‘மிக’ சோதனை இங்கேயும் கைகொடுக்கும். மிக அறிவார்ந்த சரி, மிக அறிவுசார் சரிப்படாது.

புத்திசாலி, புத்திசாலித்தனமான என்ற இணையில் பலர் தடுமாறுகிறார்கள். புத்திசாலி ஆளைக் குறிக்கும் பெயர், புத்திசாலித்தனம் அவருடைய குணம் அல்லது செயல். எனவே புத்திசாலிப் பெண், புத்திசாலியான மாணவன். ஆனால் புத்திசாலித்தனமான பதில், புத்திசாலித்தனமான நகர்வு. ‘புத்திசாலித்தனமான பெண்’ என்று பேச்சில் சொன்னால் புரியாமல் போகாது, எழுத்தில் கொஞ்சம் தளர்வாகத் தெரியும். ‘புத்திசாலி பதில்’ என்றால் பதிலே புத்திசாலி ஆகிவிடும்.

அறிவுபூர்வமான என்ற சொல் தனியாக வருவதைவிட எதிர்ச்சொல்லோடு சேர்ந்து வரும்போதுதான் பலமாக இருக்கும். உணர்ச்சிபூர்வமான முடிவு, அறிவுபூர்வமான முடிவு. உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டுக் காரணம் பார்த்து எடுத்த முடிவு என்று பொருள். அது சிறந்த முடிவு என்று சொல் சொல்லவில்லை, எடுத்த வழியை மட்டும் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கவிதையை செரிப்ரல் என்றால் பாதி நேரம் இதுதான் பொருள்: இதயத்தைவிட மூளையைத் தொடுகிறது.

அங்கேதான் ஒரு முள்ளும் இருக்கிறது. செரிப்ரல் என்பது எப்போதும் புகழ்ச்சி இல்லை. நுட்பமானது ஆனால் ஈரமில்லாதது என்ற குறையையும் அது சொல்லும். அப்படிச் சொல்லியிருக்கும் இடத்தில் அறிவார்ந்த என்று போட்டால் விமர்சகர் வைத்த குட்டு பாராட்டாக மாறிவிடும். தமிழில் அதற்கு நெருக்கமான சொல் அறிவுஜீவித்தனமான. அறிவுஜீவி என்பதிலேயே இப்போது லேசான கிண்டல் ஏறிவிட்டது. இதே பொருளில் புத்திஜீவி என்று எழுதும் இலங்கைத் தமிழில் அந்தக் கிண்டல் இந்த அளவுக்கு இல்லை. எவருக்காக எழுதுகிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய சொல் இது.

மதி என்ற சொல்லில் உரைநடைக்கு இன்று அதிகம் பயன்படுவது மதிநுட்பம். குறள் 636 அதை நூலறிவிலிருந்து பிரித்து, இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறது. இன்றைய பயன்பாடும் அந்தக் கோட்டிலேயே போகிறது: படித்து வந்த அறிவைவிட, இயல்பாகவே நுட்பமாக யோசிக்கும் திறம். வாக்கியத்தில் அதை அடையாக்க ‘வாய்ந்த’, ‘மிக்க’, ‘நிறைந்த’ என்று ஏதாவது ஒட்டவேண்டும்: மதிநுட்பம் மிக்க அமைச்சர், மதிநுட்பம் வாய்ந்த நகர்வு. ‘மதிநுட்பமான’ என்றும் வரும். ஒட்டும்போது ‘மிகவும் மதிநுட்பம் மிக்க’ என்று எழுதாதீர்கள், ‘மிக்க’ ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அறிவுள்ள, மூளையுள்ள இரண்டும் எளிய சொற்கள், ஆனால் பேச்சுத்தமிழ் அவற்றைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘அறிவிருக்கா?’ என்று யாரும் விசாரிப்பதற்காகக் கேட்பதில்லை. ‘அறிவுள்ளவன் இப்படிச் செய்வானா?’ என்பதும் வசவுதான். யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் இவற்றைத் தொடாமல் கெட்டிக்காரப் பிள்ளை, சூட்டிகையான பெண், விவரமான ஆள் என்று போவது பாதுகாப்பு. மூன்றும் ஒன்றல்ல. கெட்டிக்காரத்தனம் செய்து முடிப்பதில் இருக்கிறது, சூட்டிகை சட்டென்று பிடித்துக்கொள்வதில், விவரம் உலகம் தெரிந்திருப்பதில்.

பேச்சில் மூளை உறுப்பைவிட அறிவைத்தான் அதிகம் சுமக்கிறது. மூளையைக் கசக்கினான், மூளைக்கு வேலை வைத்தது, மண்டையில் ஏறவில்லை. செய்தித்தாளில் ‘கொள்ளைக்கு மூளையாகச் செயல்பட்டவர் கைது’ என்று படிக்கிறோம். இவை எதிலும் பெயரடை இல்லை. செரிப்ரல் என்ற ஒற்றைச் சொல்லைப் பெயர்க்கப் பெரும்பாலும் இப்படியொரு வினைத்தொடரே சிறந்த வழி என்பது எங்கள் கட்சி. ‘செரிப்ரல் விளையாட்டு’க்கு ‘மூளைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு’ என்பதைவிட நல்ல தமிழ் கிடைக்காது.

வாக்கியத்தில் எங்கே, எப்படி

தமிழில் பெயரடைக்கு ஒரே இடம்தான்: பெயருக்கு முன்னால். வாக்கியத்தின் முடிவில் தனியாக நிற்க அதற்குக் கால் கிடையாது. ‘அவர் உரை அறிவார்ந்த’ என்று முடியாது. ஒரு பெயரையோ விகுதியையோ கொடுத்து நிற்க வைக்க வேண்டும்: அந்த உரை அறிவார்ந்தது, அவர் அறிவார்ந்தவர், அந்தக் கட்டுரைகள் அறிவார்ந்தவை. நடந்து முடிந்ததைச் சொல்ல ‘அறிவார்ந்ததாக இருந்தது’ என்று வரும். ‘ஆன’ என்று முடியும் அடைகளுக்கு வழி இன்னும் சுருக்கம்: பதில் புத்திசாலித்தனமாக இருந்தது. மறுக்கும்போது ஒருமைக்கும் பன்மைக்கும் ஏற்றபடி: அந்த வாதம் அறிவார்ந்தது அன்று, அந்த வாதங்கள் அறிவார்ந்தவை அல்ல. இன்றைய எழுத்தில் இரண்டுக்குமே ‘அல்ல’ போடுவது பரவலாகிவிட்டது, அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பிழைதிருத்தும் மேசையில் அதிகம் சிவப்பு மை செலவாவது ஒற்றுக்குத்தான். அறிவார்ந்த, புத்திசாலித்தனமான, அறிவுள்ள, அறிவற்ற என்று அகரத்தில் முடியும் இவை எல்லாவற்றுக்கும் பின் வல்லினம் மிகாது. அறிவார்ந்த கட்டுரை, புத்திசாலித்தனமான கேள்வி, அறிவற்ற பேச்சு. ‘அறிவார்ந்தக் கட்டுரை’, ‘புத்திசாலித்தனமானக் கேள்வி’ என்பவை தவறு. ஆனால் அதே சொல்லை வினைக்கு அடையாக்கி ‘ஆக’ என்று முடித்தால் மிகும்: புத்திசாலித்தனமாகக் கேட்டாள், அறிவுபூர்வமாகச் சிந்தித்தார். ‘ஆன’வுக்குப் பின் இல்லை, ‘ஆக’வுக்குப் பின் உண்டு என்று பிடித்துக்கொண்டால் பாதி பிழை ஓடிவிடும். எதிர்மறையில் ஒரு விநோதம்: அறிவில்லாத பேச்சு என்பதில் மிகாது, கடைசி ‘த’வை வெட்டிவிட்டு எழுதினால் அறிவில்லாப் பேச்சு என்று மிகும். செல்லாத காசு, செல்லாக் காசு மாதிரி.

அடை எந்தப் பெயரைத் தொடுகிறது என்பதிலும் கண் வேண்டும். ‘புத்திசாலியான ஆசிரியரின் மகள்’ என்றால் யார் புத்திசாலி? படிப்பவர் முதலில் ஆசிரியரைத்தான் நினைப்பார், அவர்தான் அடைக்கு அருகில் நிற்கிறார். மகளைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஆசிரியரின் புத்திசாலி மகள்’ என்று நகர்த்திவிடுங்கள். ‘அறிவார்ந்த எழுத்தாளரின் நாவல்’, ‘எழுத்தாளரின் அறிவார்ந்த நாவல்’ என்பவையும் இதே வகை. அறிவுள்ள எழுத்தாளர் மோசமான நாவல் எழுதுவதும் நடக்கக்கூடியதே.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

பட விமர்சனம் ஒன்றில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘இயக்குநரின் புதிய படம் மிகவும் மூளை சார்ந்ததாக இருக்கிறது, ஆனால் உணர்ச்சி சார்ந்ததாக இல்லை.’ சொல்ல வந்தது புரிகிறது, படிக்கும்போது பல்லில் கல் கடிபடுகிறது.

படம் ஒரு படைப்பு, எனவே உறுப்புப் பொருளுக்கு இங்கே வேலையில்லை. ‘மூளை சார்ந்த’ போகட்டும். ‘மிகவும் அறிவார்ந்ததாக இருக்கிறது’ என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் அடுத்த பாதியைப் பாருங்கள், விமர்சகர் குறை சொல்கிறார். அறிவார்ந்த என்ற பாராட்டு அந்தக் குறையோடு ஒட்டாது. ‘அறிவுஜீவித்தனமாக இருக்கிறது’ என்றால் ஒட்டும், ஆனால் அவர் வைத்ததைவிடக் கொஞ்சம் பலமான குட்டாகிவிடும். பெயரடையை விட்டுவிட்டு வினைக்குப் போனால்: ‘இயக்குநரின் புதிய படம் மூளைக்கு நிறைய வேலை கொடுக்கிறது, மனத்தைத் தொடவில்லை.’ இரண்டு ‘சார்ந்ததாக’, ஒரு ‘ஆனால்’ எல்லாம் போயின. மூளை, மனம் என்ற பழைய எதிர்நிலையே ‘ஆனால்’ செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. இங்கே மூளை என்ற சொல் திரும்பி வந்ததையும் பாருங்கள். பெயரடையாக வந்தபோது உறுப்பாகத் தெரிந்த அதே சொல், வினையோடு வந்ததும் அறிவாகிவிட்டது.

பழைய இலக்கணப் புத்தகத்தில் கண்டால்

தமிழ் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 19-ஆம் நூற்றாண்டு நூல்களைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றில் ட, ண, ள போன்ற எழுத்துகளை ‘செரிப்ரல்’ எழுத்துகள் என்று எழுதியிருப்பார்கள். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திலும் இந்தப் பெயர் உண்டு. மூளைக்கும் இந்த ஒலிகளுக்கும் சம்பந்தம் இல்லை. நாக்கை மேலே வளைத்து மேலண்ணத்தைத் தொட்டு எழுப்பும் ஒலிகள் இவை. வடமொழி இலக்கணம் இவற்றை மூர்த்தன்யம் என்றது. மூர்த்தா என்றால் தலை, உச்சி. உச்சியைக் குறித்த சொல்லை ஐரோப்பியர்கள் பெயர்த்தபோது அது மூளை வரை போய்விட்டது. இன்று ஒலியியலில் அந்தப் பெயரைக் கைவிட்டு ரெட்ரோஃபிளெக்ஸ் என்கிறார்கள். தமிழில் வளைநா ஒலி. அந்த நூல்களிலிருந்து எதையாவது மொழிபெயர்த்தால் ‘மூளை எழுத்துகள்’ என்று போட்டுவிடாதீர்கள்.

கைப்பழக்கத்துக்குச் சில

‘செரிப்ரல்’ என்று வரும் இந்த நான்கு இடங்களையும் நீங்களே ஒருமுறை தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்: செரிப்ரல் கார்டெக்ஸ், செரிப்ரல் அட்ரஃபி, ஒரு செரிப்ரல் கவிஞர், செரிப்ரல் நகைச்சுவை.

முதலாவது பெருமூளைப் புறணி. ப் மிகும். ‘மூளைப் புறணி’ என்றாலும் ஆள் புரிந்துகொள்வார், ஆனால் சிறுமூளைக்கும் தனிப் புறணி உண்டு, ஆகவே ‘பெரு’வை விடக்கூடாது. அட்ரஃபி என்பது திசு மெலிந்து சுருங்குவது. மூளைச் சுருக்கம் போதும், பகுதியைப் பிரித்துச் சொல்லும் அறிக்கையாக இருந்தால் மட்டும் பெருமூளைச் சுருக்கம். மூன்றாவதுக்கு ஒரே விடை இல்லை. புகழ்ச்சி என்றால் ‘சிந்திக்க வைக்கும் கவிஞர்’, குறை என்றால் ‘உணர்ச்சியைவிட அறிவையே நம்பும் கவிஞர்’. ‘மூளைக் கவிஞர்’ என்றால் அடிக்க வருவார். நான்காவது கொஞ்சம் விளையாட்டுக் காட்டும். நுட்பமான நகைச்சுவை என்றால் மென்மையும் அதில் சேர்ந்துவிடும். அறிவார்ந்த நகைச்சுவை என்றால் சிரிப்பு வற்றிவிடும். ‘யோசித்தால் சிரிப்பு வரும் நகைச்சுவை’ என்பது நீளம்தான், இருந்தாலும் ஆங்கிலத்தில் சொல்ல வந்தது அதுவே.

கடைசியாக, இரண்டு பொருளும் ஒரே வரியில் மோதிக்கொள்ளும் இடம்: ‘பெருமூளைப் புறணி பற்றி அவர் ஆற்றிய அறிவார்ந்த உரை.’ ஆங்கிலத்தில் இதை எழுதுபவர் இரண்டு இடத்திலும் ‘செரிப்ரல்’ போட்டுவிட்டுத் தானே ஒருமுறை சிரித்துக்கொள்ளலாம். தமிழில் அந்தச் சிலேடை கிடைக்காது. வேண்டுமென்றால் ‘மூளையைப் பற்றிப் பேசி எங்கள் மூளைக்கும் வேலை வைத்தார்’ என்று வேறு பக்கம் சுற்றி அதைப் பிடிக்கலாம்.